பாதி விலைக்கு ஸ்போர்ட்ஸ் செடான்: புரோக்கர் சொல்லாத கணக்கு

கேள்வி: ஐந்து வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், ஏறக்குறைய 300 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும், இரண்டு கிளட்சோடு தானே கியர் மாற்றும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். புது வண்டியின் விலையில் பாதிக்கும் குறைவு. "ஸ்டேஜ் 1 ரீமேப் செய்த வண்டி, அது உங்களுக்குத்தான் லாபம்" என்கிறார் புரோக்கர். ரீமேப் என்றால் இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவதாம். தினமும் வேலைக்குப் போகவும் குடும்பத்தோடு வெளியே போகவும் இந்த ஒரு வண்டிதான். செலவு தாங்குமா, சாதாரண செடானே போதுமா?

பதில்: செலவு தாங்குமா என்பதற்கே முதலில் வருகிறேன். பாதியாகியிருப்பது காரின் விலை மட்டும்தான். அதில் போடும் பிரேக் டிஸ்க், டர்போ, ஷாக் அப்சார்பர் எல்லாம் புது வண்டிக்கு என்ன விலையோ அதே விலைதான், சொல்லப்போனால் இந்த ஐந்து வருடத்தில் ஏறியிருக்கும். அதனால் வாங்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இதைப் புதிதாக வாங்கியவர் வருடத்துக்கு எவ்வளவு செலவு செய்திருப்பாரோ அதற்குக் குறையாமல் உங்களுக்கும் ஆகும், வண்டிக்கு வயதாகிவிட்டதால் கொஞ்சம் கூடவே ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடியும் என்றால் மேலே படியுங்கள். முடியாது என்றால் சாதாரண செடானை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது எதிர்வரிசையில் நீங்கள் இருக்கும் நேரம் கணிசமாகக் குறைகிறது. பெரிய பிரேக், அகலமான டயர், வளைவில் அதிகம் சாயாத வண்டி; கூடவே பின்னால் ஆட்கள் வசதியாக உட்காரலாம், டிக்கியில் பெட்டி வைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் பாதிப் பேருக்கு இது வேகமான வண்டி என்றே தெரியாது, அது சிலருக்குக் குறை, எனக்கு நிறை. நெரிசலில் மட்டும் இதெல்லாம் எதற்கும் உதவாது. அங்கே இறுக்கமான சஸ்பென்ஷன் முதுகைப் பதம் பார்க்கும், டூயல் கிளட்ச் ஊர்ந்து போகும்போது இழுத்து இழுத்து விடும், மைலேஜ் விளம்பரத்தில் போட்ட எண்ணின் பக்கத்தில்கூட வராது.

சரி, டயர். இந்த மாதிரி வண்டி வாங்கியவர்கள் முதலில் அடிபடும் இடம் இதுதான். டயரின் பக்கவாட்டில் 225/40 ஆர் 18 என்று இருந்தால், அந்த 40 என்பது அகலத்தில் 40 சதவீதம் உயரம் என்று அர்த்தம், அதாவது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 90 மி.மீ. ரப்பர். சாதாரண செடானில் வரும் 195/65 டயரில் அது 127 மி.மீ. குழியில் இறங்கும்போது இந்த வித்தியாசம் ரிம் வளைவதாகவோ டயரின் பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைப்பதாகவோ தெரியும். ரப்பரும் மென்மையானது, சீக்கிரம் தேயும்.

அதோடு உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறது. ஒரு டயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது என்பார்கள், பெரும்பாலும் உண்மைதான். புது டயரின் சுற்றளவு கொஞ்சம் அதிகம், தேய்ந்ததன் சுற்றளவு குறைவு. அந்த வித்தியாசத்தை முன்னுக்கும் பின்னுக்கும் விசை பிரிக்கிற கிளட்ச், சக்கரம் வழுக்குகிறது என்று எடுத்துக்கொண்டு ஓயாமல் வேலை செய்து சூடாகும். ஆனால் இதையே சாக்காக வைத்து டயர் கடைக்காரர் நான்கையும் தலையில் கட்டுவதும் நடக்கிறது, அதனால் விலக்கைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற மூன்றும் அதிகம் தேயாதவை என்றால், அதே பிராண்டு, அதே மாடல், அதே அளவில் ஒன்று மட்டும் போடலாம். எவ்வளவு தேய்மானம் வரை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சுபாரு சுற்றளவில் சுமார் 6 மி.மீ. வித்தியாசத்துக்கு மேல் கூடாது என்கிறது, டயர் பட்டனின் (தரையைப் பிடிக்கும் பள்ளங்களின்) ஆழத்தில் அது ஏறக்குறைய 1 மி.மீ.தான், வேறு சில கம்பெனிகள் 2, 3 மி.மீ. வரை விடுகின்றன. உங்கள் காரின் கையேட்டில் போட்டிருக்கும், கடைக்காரரைக் கேட்காமல் அதைப் பாருங்கள். தேய்மானம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தாலும் உடனே நான்கு என்று இல்லை, சில இடங்களில் புது டயரைச் சீவி மற்றவற்றின் ஆழத்துக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். ஆணி குத்தியது நடுப்பட்டையில் என்றால் முறையாக பஞ்சர் ஒட்டினாலே போதும், பக்கவாட்டில் குத்தினால்தான் டயர் போச்சு. முன்சக்கர இயக்கம் மட்டும் உள்ள வண்டிக்கு இந்தத் தலைவலியே இல்லை, ஜோடி ஜோடியாக மாற்றலாம். "தேவைப்பட்டால் மட்டும்தான் சார் பின்சக்கரத்துக்கு விசை போகும், அதனால் பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த வகைக்கும் விதி இதேதான்.

இப்போது அந்த ரீமேப் லாபம். இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவதுதான் ஸ்டேஜ் 1. ஒரு பாகத்தைக்கூடக் கழற்ற வேண்டாம், ஒரு மணி நேரத்து வேலை, அதனால்தான் எல்லாரும் செய்கிறார்கள். கூடுகிற முறுக்குவிசை எங்கே போகும்? கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 7 கியர் உலர் கிளட்ச் வகை 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு வடிவமைத்தது, கிளட்ச் ஆயிலில் மூழ்கி ஓடும் 6 கியர் ஈரக் கிளட்ச் வகை 350க்கு. கம்பெனி ஒவ்வொரு இன்ஜினுக்கும் கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுப்பது இந்த எண்களைப் பார்த்துத்தான். மடிக்கணினியோடு வருகிற பையன் அதைப் பார்ப்பதில்லை. அப்புறம், ரீமேப் செய்தவர் அந்தக் கூடுதல் வேகத்தை ஓட்டிப் பார்க்காமல் சும்மா வைத்திருந்திருப்பாரா? கிளட்சைத் தேய்த்தவர் அவர், மாற்றப்போவது நீங்கள். இதற்குக் கூடுதல் விலை கேட்கிற புரோக்கரை என்ன சொல்வது.

இன்னொரு தந்திரமும் உண்டு. விற்பதற்கு முன் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றிவிட்டு "ஒரிஜினல் வண்டி" என்பார்கள். உங்கள் புரோக்கர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்லலாம். சில கம்பெனிகளின் கணினி எத்தனை முறை மென்பொருள் ஏற்றப்பட்டது என்று பதிந்து வைத்திருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் ரீமேப் கண்டுபிடிக்கப்பட்டால் டீலர் பதிவில் டிடி1 என்ற குறி விழுந்துவிடும், அதற்கப்புறம் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டியைப் பற்றிப் பேசுவதே வீண். இன்சூரன்ஸிலும் இதைச் சொல்லாமல் விட்டால் கிளெயிம் நேரத்தில் மறுக்க அவர்களுக்குச் சாக்குக் கிடைத்துவிடும். ஆகவே, ரீமேப் செய்த வண்டி வேண்டாம். அதே மாடலில் கை வைக்காத வண்டியாகத் தேடுங்கள், கிடைக்கும்.

கிடைத்தால் எப்படிப் பார்ப்பது? காலையில் முதல் ஆளாகப் போங்கள், பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜின் எழுப்பும் சத்தத்தையும் புகையையும் நீங்கள் பார்க்கக் கூடாது என்று. திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். சொந்தமாக ஒரு ஓபிடி ஸ்கேனர் (காரின் கணினியில் பதிந்த கோளாறுக் குறிகளைப் படிக்கும் கருவி) கொண்டுபோங்கள், அல்லது உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், புரோக்கருக்குத் தெரிந்தவரை இல்லை. கோளாறுக் குறி எதுவும் இல்லை என்று திரை காட்டினால் சந்தோஷப்பட்டு மூடிவிடாதீர்கள். அதே ஸ்கேனரில் 'ரெடினஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும், கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளின் நிலை அது. அதில் வரிசையாகப் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், கோளாறுக் குறிகளை நேற்றோ இன்று காலையோ அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் இப்படித்தான் வரும், "பேட்டரி மாற்றினோம் சார்" என்ற பதில் தயாராக இருக்கும். சரி என்று சொல்லிவிட்டு, சில நாள் ஓட்டிய பிறகு திரும்பப் பார்க்கலாம் என்று கேளுங்கள், முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு படியில் இடறி நின்றால் டிஸ்க் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் ஓடோமீட்டர் கொஞ்ச தூரம்தான் காட்டுகிறது என்றால், ஒன்று ஓடோமீட்டர் சொல்வது பொய், அல்லது ஓட்டியவர் ஒவ்வொரு சிக்னலையும் பந்தயமாக எடுத்துக்கொண்டவர். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும், 2321 என்றால் 2021ஆம் வருடம் 23ஆம் வாரம். நான்கு டயரும் நான்கு பிராண்டு என்றால் அந்த உரிமையாளர் ஆயிலையும் அப்படித்தான் கவனித்திருப்பார்.

ஆயில் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. சில கம்பெனிகள் 30,000 கி.மீ. அல்லது இரண்டு வருடம் ஆயில் மாற்ற வேண்டாம் என்று அட்டவணை போடுகின்றன, சில வண்டிகளில் கியர் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்கிறார்கள். யாருடைய ஆயுள்? வாரண்டியின் ஆயுள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவுக்கு உயவு தருவது அந்த ஆயில்தான். பாதி இடைவெளியில் மாற்றுங்கள். நான் சொன்ன அந்த 6 கியர் ஈரக் கிளட்ச் வகைக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார், ஆனாலும் அதைச் செய்த பில் பல பழைய வண்டிகளில் இருப்பதில்லை. "ஃபுல் சர்வீஸ் ஹிஸ்டரி" என்று முத்திரை குத்திய புத்தகத்தைக் காட்டுவார்கள். முத்திரை யார் வேண்டுமானாலும் குத்தலாம். பாகத்தின் பெயரும் ஓடிய தூரமும் எழுதிய பில் கேளுங்கள்.

பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் எந்த ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்) என்று ஒட்டியிருப்பார்கள். 98 என்று இருக்கும் இடத்தில் 95 போட்டால் பெரும்பாலும் வண்டி உடைந்துவிடாது, இன்ஜின் உள்ளே தட்டுவதை உணரும் நாக் சென்சார் இக்னிஷனைத் தள்ளிப்போட்டுக் காப்பாற்றிக்கொள்ளும், சக்தி குறையும். அப்படியானால் 300 குதிரைக்கு எதற்குக் காசு கொடுத்தீர்கள்?

உங்களுக்கு இது ஒரே வண்டி என்பது எனக்கு இடிக்கிறது. இந்த வகை வண்டிகளின் பாகம் எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது, வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம், சர்வீஸ் சென்டரில் கேட்டால் "ஆர்டர் போட்டிருக்கிறோம்" என்பதைத் தவிர ஒரு தகவலும் வராது. அந்த நாட்களில் வேலைக்குப் போக வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், ரீமேப் இல்லாத, பில் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அதே மாடலின் சிறிய இன்ஜின் வகையை ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கும் சீட்டும் கிட்டத்தட்ட அதேதான், டயரும் பிரேக்கும் மலிவு. எதுவாக இருந்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் காரின் பதிவு எண்ணைச் சொல்லி இன்சூரன்ஸ் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், இந்த வகைக்கு அது சாதாரண செடானைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும்.