எரிச்சலின் வேர் நரம்பிலா?

கேள்வி: உலர்கண் நோய்க்குச் சொட்டு மருந்து விட்டும் எரிச்சல் தீரவில்லை. கண்ணீர்ச் சோதனையின் முடிவு இயல்பாக இருக்கும்போது, கண்ணின் முன்புற ஒளிபுகு படலமான கார்னியாவை நுண்ணோக்கியில் படமெடுப்பதால் என்ன பயன்?

பதில்: உங்கள் நிலையில்தான் அதற்குப் பயன் அதிகம்; கண்ணீர் இயல்பாக இருந்தும் எரிச்சல் தீராதபோது, அதன் வேர் கார்னியாவின் நரம்புகளில் இருக்கலாம். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கார்னியாவின் மேற்புறச் செல் அடுக்குக்குச் சற்றுக் கீழே வலைபோல் பரவியிருக்கும் நரம்புகளை, திசுவை வெட்டி எடுக்காமலேயே, கரும்பின்னணியில் வெள்ளி இழைகளாகக் காட்டிவிடுகிறது கன்ஃபோகல் நுண்ணோக்கி. உலர்கண் நோயில் இந்த இழைகள் அடர்த்தி குறைந்து, நெளிந்து, மணி கோத்தாற்போல் முடிச்சிட்டுக் காணப்படுவதுண்டு. அருகே கிளைவிட்ட டென்ட்ரிடிக் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் குவிந்திருந்தால், அழற்சியையும் கவனிக்க வேண்டும். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டே படமெடுப்பார்கள் என்பதால் அஞ்ச வேண்டாம். ஒரு படம் பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தையே காட்டும். ஆகவே, பல இடங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்ட பிறகே முடிவு சொல்லும்படி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.