கேள்வி – பதில்: பிரெஞ்சு கீபோர்டும் விண்டோஸ் 98-ம்

கேள்வி: ஐயா, எங்கள் கோயில் தீமிதி அழைப்பிதழ்களை 1999 முதல் அப்பாதான் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தமிழில் அடித்துக் கொடுப்பார். கம்ப்யூட்டர் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அப்பா புதுச்சேரியில் வாங்கிய ஆங்கில விண்டோஸ் 98 சிடி, துவக்க ஃப்ளாப்பி, பேஜ்மேக்கர் சிடி எல்லாம் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரை இன்றைய கம்ப்யூட்டருக்குள் போலியாக உருவாக்கும் 86பாக்ஸ் எமுலேட்டரில் நிறுவப் பார்க்கிறேன். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் ஓடியது. ஃபார்மேட் என்று அடித்தால் ‘எம்’முக்கு அரைப்புள்ளியும் ‘ஏ’வுக்குக் ‘க்யூ’வும் விழுகின்றன. எமுலேட்டர் பழுதா?
– வாசகர், சேன் ஆந்த்ரே, ரீயூனியன்

பதில்: எமுலேட்டரைத் திட்டாதீர்கள் தம்பி, அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. உங்கள் மேசையில் இருப்பது பிரெஞ்சு அசெர்ட்டி கீபோர்டு. ஃப்ளாப்பியில் இருக்கும், கட்டளைகளை அடித்து இயக்கும் பழைய சிஸ்டமான டாஸுக்குத் தெரிந்தது அமெரிக்க வரிசை மட்டும். எஃப்டிஸ்க் என்ற சொல்லின் ஐந்து எழுத்தும் இரண்டு வரிசையிலும் ஒரே இடத்தில் இருப்பதால் தப்பித்தது. ‘எம்’ வேண்டுமென்றால் காற்புள்ளிக் கட்டையைத் தட்டுங்கள், ‘ஏ’வுக்குக் ‘க்யூ’. முக்காற்புள்ளிக்கு ஷிஃப்டோடு ‘எம்’. எண்களுக்கு மட்டும் ஷிஃப்டைத் தொடவே கூடாது. சிடி உறையில் இருக்கும் 25 எழுத்துச் சாவியை அடிக்கும்போது விரலை நம்பாமல் திரையைப் பார்த்தே அடியுங்கள். விண்டோஸ் ஏறியதும் கண்ட்ரோல் பேனலில் கீபோர்டைப் பிரெஞ்சுக்கு மாற்றிவிடலாம்.

ஃபார்மேட் முடிந்ததும் சிடியை ‘டி’யில் தேடாதீர்கள். அந்த ஃப்ளாப்பி நினைவகத்திலேயே ஒரு தற்காலிக டிரைவை உண்டாக்கி ‘டி’யைப் பிடித்துக்கொள்ளும்; சிடி ‘ஈ’க்குத் தள்ளப்பட்டிருக்கும். இயந்திரத்துக்குப் பென்டியம் எம்எம்எக்ஸ், 64 எம்பி நினைவகம், எஸ்3 கிராஃபிக்ஸ் அட்டை தாராளம். இருக்கிறதே என்று வாரிக் கொடுக்காதீர்கள்: நினைவகம் 512 எம்பியைத் தாண்டினால் விண்டோஸ் 98 தடுமாறும்.

இனி உங்கள் அப்பாவின் கோப்புகள். பழைய டிஸ்க்கிலிருந்து பூட் செய்ய முயலவே வேண்டாம். யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி முழுவதையும் நகலெடுங்கள். அழைப்பிதழ்களோடு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் கட்டாயம் வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். தமிழுக்கென்று தனி எண்கள் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு, விண்டோஸில் தமிழுக்கு 2000 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய தமிழெல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்த எழுத்துருதான். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அம்மன் பெயர்கூடக் கிறுக்கலாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ கோப்பாக்கி (சிடியின் நகல் போன்ற ஒற்றைக் கோப்பு), எமுலேட்டரின் சிடி டிரைவில் போட்டால் உள்ளே போய்விடும்.

வெளியே எடுக்க, விண்டோஸ் 98-ல் ஒரு ஆப்பிள் லேசர்ரைட்டர் பிரிண்டரைச் சேர்த்து, போர்ட்டில் ‘ஃபைல்’ என்று கொடுங்கள். பிரிண்டர் எதுவும் இல்லாமலே பக்கம் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழிக் கோப்பாக விழும். எமுலேட்டரை மூடிவிட்டு டிஸ்க் இமேஜை (அதன் ஹார்ட் டிஸ்க்காக இருக்கும் கோப்பை) 7-ஸிப் மென்பொருளில் திறந்து அதை எடுங்கள். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் அதைப் பிடிஎஃப் ஆக்கித் தரும். எழுத்தையெல்லாம் யூனிகோடாக மாற்ற இப்போதே உட்காராதீர்கள். அப்பா அமைத்த பக்கம் அப்படியே கிடைப்பதுதான் முக்கியம் என்பேன்.

கேள்வி: டாஸ் காலத்து விளையாட்டுகளை ஆட இவ்வளவும் செய்ய வேண்டுமா?
– வாசகி, சேன் பியேர்

பதில்: வேண்டாம் அம்மா. டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரே போதும், டாஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்களிடமும் அசெர்ட்டிதானே? ‘கே-ஈ-ஒய்-பி’, ஓர் இடைவெளி, ‘எஃப்-ஆர்’ என்று அடியுங்கள், பிரெஞ்சு வரிசை வந்துவிடும். நல்லவேளை, இந்த ஆறு எழுத்தும் இரண்டு கீபோர்டிலும் ஒரே இடம்.