அணைத்த சுவிட்ச், ஹோல்டரில் 80 வோல்ட்: பதில்

சுவிட்சை அணைத்தும் பல்பு ஹோல்டரில் மீட்டர் 80 வோல்ட் காட்டுகிறதே, சுவிட்சையோ வயரையோ மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் பொய் அளவுதான். அதை நம்பி எதையும் உடனே மாற்ற வேண்டாம்.

ஒரே பைப்பில் பக்கத்தில் ஓடும் லைவ் வயர் (மின்சாரம் வரும் வயர்), சுவிட்ச் அணைந்ததால் எதோடும் இணையாமல் தொங்கலில் நிற்கும் உங்கள் வயரில் மின்தேக்கி (கெப்பாசிட்டர்) போலச் சிறிது மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். 80 வோல்ட்டில் அது இழுப்பது வெறும் 8 மைக்ரோஆம்பியர். அவ்வளவு சிறிய மின்னோட்டத்தைப் பக்கத்து வயரே கொடுத்துவிடும். அணைத்த எல்இடி பல்பு மங்கலாக எரிவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

சோதனை எளிது. மெயினை அணைத்து ஹோல்டரில் பழைய இழை பல்பைப் போடுங்கள், எல்இடி வேண்டாம். அந்தச் சிறிய மின்னோட்டத்தை இழை எளிதாக வடித்துவிடும். மெயினைப் போட்டு, சுவிட்ச் அணைந்த நிலையிலேயே ஹோல்டரின் இரு முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். அளவு பூஜ்யத்துக்கு அருகே விழுந்தால் பொய் அளவு. விழாவிட்டால் சுவிட்ச் உள்ளே கசிகிறது, அல்லது வயரிங்கில் நிஜக் கோளாறு.

ஆனால் பூஜ்யம் வந்துவிட்டதே என்று கை வைத்துவிடாதீர்கள்! சுவிட்ச் லைவ் வயருக்குப் பதில் நியூட்ரலில் (மின்சாரம் திரும்பும் வயரில்) போடப்பட்டிருந்தாலும் இதே பூஜ்யம்தான் வரும், ஹோல்டரோ முழு லைவாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே தனியாக அளந்து பாருங்கள். ஏதாவதொன்றில் முழு சப்ளை வோல்ட்டேஜ் வந்தால் சுவிட்ச் தப்பான வயரில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிடுங்கள்.

அப்புறம், அளக்கும் முன் சிவப்பு லீடு ஆம்பியர் துளையில் இல்லையே என்று பாருங்கள். அப்படியே வோல்ட் அளந்தால் நேரடி ஷார்ட்.