பானையில் ஹீற்றர் பூட்டுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கும் என் மைத்துனர் தம் வீட்டில் பியர் காய்ச்சுவதற்குப் பயன்படுத்திய வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, எஸ்.எஸ்.ஆர் எனப்படும் சொலிட் ஸ்ரேற் றிலே (அசையும் பாகமில்லாத மின்னணுச் சுவிச்), 5500 வாற்று ஹீற்றர் ஆகியவற்றை விடுமுறைக்கு வந்தபோது என்னிடம் தந்துவிட்டுப் போனார். கருப்பநீரை (பதநீரை)ப் போத்தலில் அடைக்குமுன் 75 பாகையில் வைத்திருக்கவும், இஞ்சிப் பியருக்கு இஞ்சியும் சீனியும் காய்ச்சவும் அவற்றை ஒரு எவர்சில்வர் பானையில் பூட்ட நினைக்கிறேன். எப்படி இணைப்பது? (கோப்பாய் வாசகர்)

பதில்: முதலில் அந்த ஹீற்றரை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். அதில் பொறித்திருக்கும் 5500 வாற்று என்பது 240 வோல்ற்றுக்கு உரியது. கணக்குப் பார்த்தால் அதன் தடை ஏறத்தாழ 10.5 ஓம். நம் வீட்டு 230 வோல்ற்றில் அது 22 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். நம்மிடம் உள்ள சதுர முள் பிளக்கோ 13 அம்பியருக்கே ஆனது. வீட்டின் பிரதான மின் பெட்டியிலிருந்து தனிப் பிறேக்கரும் தடித்த வயரும் இழுத்து அதை ஓட்டலாம்; ஆனால் 20 லீற்றர் கருப்பநீருக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். 2000 வாற்று ஹீற்றர் ஒன்று 8.7 அம்பியரே எடுக்கும்; 20 லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 75 பாகைக்கு ஏற்ற, வெப்ப இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், 31 நிமிடம் போதும். மூடியில்லாத பானையாயின் இன்னும் பத்து நிமிடம் கூடலாம். 3000 வாற்று வாங்கினால் 13 அம்பியரையும் தொட்டுவிடும்; அந்தப் பிளக்கைக் கையால் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். வாங்கும்போது நீளமான, மடித்து வளைத்த ஹீற்றரையே தேர்ந்தெடுங்கள். அதே வாற்று குட்டையான கம்பியில் அடங்கினால் கம்பியின் மேற்பரப்பு அளவு மீறிச் சூடேறி, கருப்பநீரின் சீனி அதிலே ஒட்டிக் கருகி, முழுப் பானையும் எரிந்த பனங்கட்டி மணம் மணக்கும். சூடாக்கும்போது துழாவிக்கொண்டிருப்பதும் அதற்காகவே.

இனி இணைப்பு. பிளக்கிலிருந்து வரும் உயிர்க்கம்பியும் நொதுமற் கம்பியும் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும் ஒரு சுவிச்சின் வழியே, கட்டுப்படுத்தியை வைக்கும் பெட்டிக்குள் வரவேண்டும். அங்கே ஒரு சிறு பியூஸ் வழியாகக் கட்டுப்படுத்திக்கு மின் கொடுங்கள். உயிர்க்கம்பியின் மற்றக் கிளை எஸ்.எஸ்.ஆரின் 1ஆம் முனைக்குப் போய், 2ஆம் முனையிலிருந்து ஹீற்றருக்குச் செல்லும். நொதுமற் கம்பி நேரே ஹீற்றருக்குப் போகும். கட்டுப்படுத்தியின் நேர் முனையை எஸ்.எஸ்.ஆரின் 3இலும் மறை முனையை 4இலும் பூட்டுங்கள். இது நேரோட்டம் ஆகையால் மாற்றிப் பூட்டினால் வேலை செய்யாது. கட்டுப்படுத்திகளில் எஸ்.எஸ்.ஆரை இயக்கும் வகையும், உள்ளே சொந்த றிலே உள்ள வகையும் உண்டு. வெளித் தோற்றம் ஒன்றே. ஆகவே சூடு கேட்கும் நிலையில் வைத்து மல்ரிமீற்றரால் அளந்து, ஏறத்தாழ 12 வோல்ற்று நேரோட்டம் வருகிறதா என்று பார்த்த பின்பே எஸ்.எஸ்.ஆரைத் தொடுங்கள். ஹீற்றருக்குப் போகும் வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், அதாவது கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்குவது. பச்சை மஞ்சள் புவிக்கம்பி பானையின் உடலுக்கும், பெட்டி உலோகமாயின் அதற்கும், எஸ்.எஸ்.ஆர் அமர்ந்திருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் போகவேண்டும். இதில் ஒன்றையும் விடாதீர்கள்.

அந்த அலுமினியத் தகடு அழகுக்கு வைப்பதல்ல. எஸ்.எஸ்.ஆர் மின்னை விடும்போது ஒவ்வோர் அம்பியருக்கும் ஏறத்தாழ ஒரு வாற்று வெப்பத்தைத் தானே வெளியிடும், 8.7 அம்பியருக்கு ஒன்பது, பத்து வாற்று வரும். இறகுகள் கொண்ட தகட்டில் வெப்பப் பசை தடவி இறுக்காவிட்டால், மூடிய பெட்டிக்குள் அது தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்லவேண்டும். எஸ்.எஸ்.ஆர் பழுதானால் பெரும்பாலும் திறந்தபடி நிற்பதில்லை. மூடியபடி, மின்னை விட்டபடியே நின்றுவிடும். என் சமையலறையில் 60 பாகைக்கு வைத்த பானை ஒரு நாள் கொதித்துக்கொண்டிருந்தது, எஸ்.எஸ்.ஆரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது, கட்டுப்படுத்தி 99 காட்டியது, தன் கடமையைச் சரியாகவே செய்து மின்னை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. வாங்கிய தகடு சிறிதென்று தெரிந்தும் பூட்டியது என் தவறு. ஆகவே கட்டுப்படுத்தியைப் பாதுகாப்புக் கருவியென்று நம்பாமல், பானையில் தனியான வெப்பத் துண்டிப்பான் ஒன்றைப் பொருத்தி, அது ஒரு கொண்ராக்ரரின் (ஹீற்றருக்குப் போகும் மின்னை விட்டு நிறுத்தும் பெரிய றிலே) சுருளைத் துண்டிக்கும்படியும், துண்டித்தால் கையால் அழுத்தினால் மட்டுமே மீளும்படியும் அமையுங்கள். எஸ்.எஸ்.ஆர் அணைந்திருக்கும்போதும் சிறு மின்னோட்டம் கசியும். சுவிச்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றாமல் ஹீற்றரின் முனைகளைத் தொடக் கூடாது. நீர் ஹீற்றருக்கு மேலே ஏறும் முன் மின் கொடுத்தால் ஹீற்றர் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

மைத்துனர் செய்யும் பியரைப் பற்றி ஒரு வார்த்தை: சொந்தப் பாவனைக்கு அங்கே சட்டம் இடம் தருகிறது, இங்கே மதுவரிச் சட்டத்தின்படி அனுமதியின்றி மதுபானம் தயாரிப்பது குற்றம். நீங்கள் கருப்பநீரைக் கேட்டது நல்லதாயிற்று.

கேள்வி: வெப்பநிலை உணரியில் மூன்று வயர்கள் உள்ளன, இரண்டு சிவப்பு, ஒன்று வெள்ளை. கட்டுப்படுத்தியில் பூட்டினால் பொருந்தாத எண்ணைக் காட்டுகிறது. (மானிப்பாய் வாசகர்)

பதில்: அது பி.ரி.100 வகை உணரி. பூச்சியப் பாகையில் 100 ஓமும், 100 பாகையில் 138.5 ஓமும் காட்டும். இன்றைய 30 பாகை வெயிலில் சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே ஏறத்தாழ 111.7 ஓம் இருக்கவேண்டும், இரு சிவப்புக்கும் இடையே கிட்டத்தட்ட ஒன்றுமிராது. இரண்டாவது சிவப்பு, வயரின் சொந்தத் தடையைக் கழிப்பதற்காக உள்ளது; அதை வெட்டி விடுவோரும் உண்டு, அவ்வாறு செய்யாதீர்கள். பெரும்பாலும் கட்டுப்படுத்தியின் உள்ளமைப்பில் உணரி வகை கே (வேறொரு வகை உணரி) என்று இருக்கும்; அதைப் பி.ரி.100 என்று மாற்றினால் சரியாகும். பின்னர் உடைத்த ஐஸ் கலந்த நீரிலும், கொதிக்கும் நீரிலும் நனைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில் இருப்பதால் நீர் 100 பாகையிலேயே கொதிக்கும். மலைநாட்டவருக்கு இந்த வசதி இல்லை.

கேள்வி: இரண்டு றிலே உள்ள எஸ்.ரி.சி. 1000 கட்டுப்படுத்தியை வைத்து, இஞ்சிப் பியர் புளிக்கும் பாத்திரத்துக்கு ஹீற்றர் பட்டி சுற்றலாமா? (அளவெட்டி வாசகர்)

பதில்: எதற்கு? குளிர்நாட்டு நிலக்கீழ் அறையில் இருப்போருக்கே பட்டி தேவை. நம் அறை 30 பாகையில் இருக்கும்; ஈஸ்ற்றுக்கு 18 முதல் 22 வரை உகந்தது. உங்களுக்கு வேண்டியது அதே கருவியின் குளிரூட்டும் பக்கம்; பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை எடுங்கள். 1, 2 முனைகளில் மின், 3, 4இல் உணரி. 7, 8 வெறும் சுவிச் மட்டுமே, அங்கே மின் தானாக வராது. உயிர்க்கம்பியை 7க்குக் கொண்டுவந்து 8இலிருந்து குளிர்சாதனப் பெட்டிக்கு எடுக்கவேண்டும். எப்.1இல் 20, எப்.2இல் ஒரு பாகை வித்தியாசம், எப்.3இல் 3 நிமிடத் தாமதம் வையுங்கள். நின்ற கொம்பிறசர் உடனே மீண்டும் இயங்கினால் அதன் மோட்டருக்கு ஆகாது. உணரியைக் காற்றில் தொங்கவிடாமல் பாத்திரத்தின் புறத்தில் ரேப்பால் ஒட்டி, மேலே ஒரு துணியை மடித்துக் கட்டுங்கள்.

கேள்வி: மாரி முடிந்தபின் ஹீற்றரைப் போட்டால் உடனே றிப் சுவிச் விழுகிறது. மாரிக்கு முன் நன்றாக இருந்தது. அதில் வெள்ளைப் படிவும் ஏறியுள்ளது. (பருத்தித்துறை வாசகர்)

பதில்: றிப் சுவிச் தன் வேலையைச் செய்கிறது, அதை மாற்றிப் பூட்டாதீர்கள். ஹீற்றரின் சுருளுக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே மக்னீசியம் ஒக்சைட்டுத் தூள் அடைத்திருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும். முனையில் உள்ள அடைப்பு சற்றே விரிந்திருந்தால் மழைக்கால ஈரக் காற்று உள்ளே போய்விடும். 30 மில்லியம்பியர் கசிந்தாலே சுவிச் விழும். சாதாரண மல்ரிமீற்றர் இதைப் பல வேளை காட்டாது. 500 வோல்ற்று மெகரால் (காப்புத் தடையை அளக்கும் கருவி) முனைக்கும் உடலுக்கும் இடையே அளந்தால், நல்ல ஹீற்றர் ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டும். வயர்களையும் இறப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு, கேக் சுடும் போறணையில் 120 பாகையில் மூன்று, நான்கு மணித்தியாலம் வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். தேறினால் வயர் முனைகளை வெப்பம் தாங்கும் சிலிக்கனால் அடைத்துப் பூட்டலாம், தேறாவிட்டால் எறியுங்கள்.

வெள்ளைப் படிவு நம் சுண்ணக்கல் கிணற்று நீரின் சொத்து. படிவு ஏறினால் வெப்பம் நீருக்குப் போக வழியின்றிக் குழாய் உள்ளேயே கொதிக்கும். விரைவில் வெடிப்பதும் அதனால்தான். வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் தேங்காய்த் தும்பால் மெதுவாகத் தேயுங்கள். கத்தியால் சுரண்டினால் மேற்பூச்சில் கீறல் விழுந்து, அந்தக் கீறலிலேயே அரிப்புத் தொடங்கும்.