மேல்மாடிக்கும் எட்டி, ஐந்தாறு வருடம் ஓடக்கூடிய வைஃபை ரவுட்டர் எது?

கேள்வி: கல்லடியில் கடற்கரைப் பக்கமாக இரண்டு மாடி வீடு. கீழே முன்விறாந்தையில் பைபர் பெட்டி இருக்கிறது, 100 எம்பிபிஎஸ் இணைப்பு. மேல் அறைகளில் வைஃபை விட்டுவிட்டு வருகிறது. பிள்ளைகளுக்கு ஒன்லைன் வகுப்பு, கெமராவும் பூட்டப்போகிறோம். அடிக்கடி மாற்றத் தேவையில்லாத ரவுட்டர் எது?

பதில்:

முதலில் மேல்மாடிக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். எந்த விலைக்கு வாங்கினாலும் ரவுட்டர் ஆறேழு வருடத்தில் பழசாகிவிடும். சுவரில் தனிப் பைப்புக்குள் போட்ட நல்ல கேட் 6 வகை நெட்வேர்க் கேபிள் அதற்குப் பிறகு வரும் ரவுட்டர்களுக்கும் உதவும்.

சிக்கல் உங்கள் வீட்டின் தளத்தில் இருக்கிறது. கம்பி கட்டி ஊற்றிய கொங்கிரீட்டைக் கடக்கும்போது 5 கிகாஹேர்ட்ஸ் அலை பெரும்பகுதி வலுவை இழந்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை கொஞ்சம் கூடுதலாக ஏறும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீடுகளின் வைஃபையும் அங்கேதான் நெரிபடுகிறது. 2.4இல் ஒன்றோடொன்று முட்டாத சனல்கள், அதாவது அலைவழிகள், 1, 6, 11 என மூன்றே மூன்று. காத்தான்குடி போல வீட்டுக்கு வீடு ஒட்டியிருக்கும் இடத்தில் இந்த மூன்றையும் எத்தனை வீடுகள் பங்குபோட வேண்டும் என்று பாருங்கள். ரவுட்டரில் எட்டு அன்ரெனா இருந்தாலும் இது மாறாது. ரவுட்டர் உரத்துப் பேசினால் மட்டும் போதாது, மேலே இருக்கும் போனும் அதே தூரத்துக்குத் திருப்பிப் பேச வேண்டும். போனின் அன்ரெனாவும் வலுவும் சிறியவை. சிக்னல் கோடு நிறையக் காட்டியும் வகுப்பில் பிள்ளையின் குரல் அறுந்து கேட்பதற்கு இதுதான் காரணம்.

கேபிள் வாங்கும்போது நுனியில் ஒரு கம்பியை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் எடுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். உறையில் சிசிஏ என்று அடித்திருப்பதும் இதுதான், மூலையில் மடித்தால் உள்ளுக்குள் முறிந்துவிடும். கிகாபிட் வேகத்துக்கு நான்கு சோடியும், அதாவது எட்டுக் கம்பியும் சரியாகப் பூட்டியிருக்க வேண்டும். ஒரு சோடி விட்டுப்போனாலும் இணைப்பு பெரும்பாலும் 100இல் நின்றுவிடும், பழியோ ரவுட்டர் மேல் விழும். ஒரே கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குள் அந்தக் கவலை இல்லை. கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைத்துவிட மட்டும் விடாதீர்கள். ஆள் பிடித்துச் செய்வதென்றால் இரண்டு கேபிளாகப் போடுங்கள், கூலி ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி ரவுட்டர். பெட்டியில் பெரிதாக இருக்கும் எண் 2.4, 5 என எல்லா பேண்டுகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்டது, ஒரு போனுக்கு அது ஒருபோதும் கிடைக்காது. அதை விட்டுவிட்டு போர்ட்டின் வேகத்தைப் பாருங்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டும் ஏசி 1200 என்றுதான் விற்கப்படுகின்றன. சி50இன் போர்ட்டுகள் 10/100 வகை, சி6இன் போர்ட்டுகள் கிகாபிட். முதலாவதில் எந்த இணைப்பைக் கொடுத்தாலும் 94 எம்பிபிஎஸ் அளவில் முட்டிக்கொண்டு நிற்கும். இன்றைய 100 இணைப்பில் வித்தியாசம் தெரியாது, நாளைக்கு 300க்கு மாறினால் கூடுதல் காசு வீணாகும்.

என் தெரிவு வைஃபை 6, எல்லாப் போர்ட்டும் கிகாபிட், டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை உள்ள ஒரு ஏஎக்ஸ் 1800 அல்லது ஏஎக்ஸ் 3000 ரவுட்டர். நான்கு போன், டிவி, இரண்டு லப்டொப், கெமரா எல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறக்கும் வீட்டில் வைஃபை 6 வரிசையை நன்றாகச் சமாளிக்கும். ஏஎக்ஸ் 3000இன் கூடுதல் வேகம் 160 மெகாஹேர்ட்ஸ் சனல் அகலத்திலிருந்து வருகிறது. பல போன்கள் 80ஐத்தான் எடுக்கும் என்பதால், விலை வித்தியாசம் அதிகம் என்றால் 1800 போதும். வைஃபை 7 சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. வீட்டில் அதற்கேற்ற போன் இல்லாமல் அதற்கு இப்போது காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசில் மேல்மாடிக்கு ஓர் அக்சஸ் பொயின்ட், அதாவது கேபிளில் வரும் இணைப்பை அங்கே வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி, வாங்குங்கள்.

கடையிலேயே ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் பெயரையும் வெர்ஷன் எண்ணையும் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, கடைசி ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை என்றால் வைத்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன ரவுட்டர், வேகமாக ஓடினாலும் ஆயுள் முடிந்த ரவுட்டர்தான்.

பைபர் பெட்டியைக் கழற்றிவிட்டு இதைப் பூட்ட முடியாது. பச்சைத் தலையுள்ள அந்த மெல்லிய வயர் பெட்டிக்குத்தான் போகும். பெட்டியின் லான் போர்ட்டிலிருந்து, டிவிக்கு ஒதுக்கியதை விட்டு இன்னொன்றிலிருந்து, புதிய ரவுட்டருக்குக் கேபிள் கொடுத்து அதை அக்சஸ் பொயின்ட் மோடில் போடுங்கள். ரவுட்டர் மோடில் விட்டால் ஒரு வலைக்குள் இன்னொரு வலையாகி, கெமராவை வெளியிலிருந்து பார்ப்பதிலும் பிரின்டரைக் கண்டுபிடிப்பதிலும் தொல்லை வரும். பைபர் பெட்டியின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். மேலும் கீழும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், வேறு வேறு சனல், 2.4க்கு 20 மெகாஹேர்ட்ஸ் அகலம். கெமராக்களில் பல 2.4ஐ மட்டுமே பிடிக்கும், டபிள்யூபிஏ3இல் சேராதவையும் உண்டு. அவற்றுக்கு டபிள்யூபிஏ2இல் ஒரு கெஸ்ட் பெயர் திறந்து கொடுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். 8800 எம்ஏஎச் மினி யூபிஎஸ் என்றால், அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் ஏறக்குறைய 32 வாட் மணி, மாற்றத்தில் இழப்பது போக 27 அளவில் கைக்கு வரும். பைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் இரண்டு மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. இரண்டு அடப்டரிலும் எழுதியுள்ள வோல்ட் 12தானா என்று பார்த்து, அம்பியரைக் கூட்டி, அதைவிடக் கூடிய யூபிஎஸ் எடுங்கள். மேலே உள்ள அக்சஸ் பொயின்டுக்குக் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கலாம். ஆனால் பல மினி யூபிஎஸ்களில் இதற்கென இருக்கும் பிஓஇ போர்ட் 15 அல்லது 24 வோல்ட்தான் தரும். 48 வோல்ட் தரத்து அக்சஸ் பொயின்ட் அதில் எழும்பாது.

கல்லடியில் உப்புக்காற்று என்பதால் ரவுட்டரை விறாந்தையில் வைக்காதீர்கள். போர்ட்டின் உலோகக் கம்பிகளில் பச்சை பிடித்தால் இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து வரும். உள்ளே, ஆளுயரத்தில், இரும்பு அலுமாரிக்குத் தள்ளி வையுங்கள். மின்னலும் அப்படித்தான். பைபர் கண்ணாடி நூல், ஆனால் சுவருக்கு வெளியே கெமராவுக்கு ஓடும் லான் கேபிள் செம்பு. பக்கத்தில் இடி விழுந்தால் அது வழியாகவே போர்ட் எரியும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் இருண்டால், முழக்கம் கிட்ட வருவதற்கு முன்பே பிளக்கோடு அந்தக் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.