மகள் நனோ படிக்க ஆசைப்படுகிறாள், விடலாமா?

அன்புள்ள அம்மா,

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள், அம்மப்பாவின் மூலிகை மருந்தை நனோ தொழில்நுட்பத்தால், அதாவது பொருள்களை மிக மிக நுண்ணிய அளவில் கையாளும் முறையால், மேம்படுத்தப் போகிறேன் என்கிறாள். டாக்குத்தர் படிப்பைக் கைவிட்டுவிடுவாளோ என்று ஒட்டுசுட்டானிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

மூலிகைக்கு மஞ்சளையே உதாரணமாக எடுப்போம். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தூள் அடியில் மண்டியாகப் படிந்துவிடும். சூடான தேங்காயெண்ணெயில் போட்டால் எண்ணெயே மஞ்சளாகும். மஞ்சளின் மருந்துச் சத்தான குர்குமின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. அதனால் குடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். உறிஞ்சியதையும் ஈரல் கெதியாக மாற்றி வெளியேற்றிவிடும். மஞ்சளோடு மிளகு சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. 1998இல் வெளியான ஆய்வொன்றில் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த குர்குமின் ஏறத்தாழ 20 மடங்கானது. நனோ முறையில், குடல் கூடுதலாக உறிஞ்சட்டும் என்று குர்குமினைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொழுப்புத் துளிகளுக்குள் அடைக்கிறார்கள். தலைமயிரின் தடிப்பே ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். இந்தத் துளிகள் சில நூறு நனோமீற்றருக்கும் குறைவு. நிலவேம்பின் கசப்புச் சத்துக்கும் இதே கரையாத குறைதான். ஆனால் அவ்வளவு சிறிதாக்கிய மருந்து உடலில் போகக்கூடாத இடத்துக்கும் போகலாம். அந்தப் பாதுகாப்புச் சோதனையில் மகளுக்கு ஆர்வம் வந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

சரி, படிப்புக்கு வருவோம். முதல் பட்டத்தின் பெயரில் 'நனோ' இருக்கிறதா என்று தேடவேண்டாம். மருத்துவம், சித்த மருத்துவம், பார்மசி, விஞ்ஞானப் பட்டம் எதற்குப் போவதென்றாலும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் கைகொடுக்கும். ஆகவே இப்போதே சண்டை வேண்டாம். இரசாயனவியலை மட்டும் விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். சித்த மருத்துவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகர் கிட்ட என்று அங்குள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடத்தை நினைக்காதீர்கள். அது உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்தவர்களுக்கு. அங்கேயே உள்ள விவசாய பீடத்துக்கு உயிரியல் பிள்ளைகள் போகலாம்.

நனோ பெரும்பாலும் பட்டத்துக்குப் பிறகான ஆராய்ச்சியில்தான் வரும். அதற்கான வேலை வன்னிக்குள் கிடைப்பது கஷ்டம். 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இருக்கிறது. பிள்ளையைத் தூர அனுப்ப நீங்களும் மனதைத் தயார்படுத்த வேண்டும்.

அப்புறம், யாராவது 'நனோ டிப்ளோமா' என்று காசு கேட்டால், உரிய அரச அங்கீகாரம் உண்டா என்று விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.