சிறுவர் சிகிச்சைப் படிப்பு: 24 லட்சம் கட்டுவதற்கு முன்

கேள்வி: மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் பி, பி, சி எடுத்திருக்கிறாள். பேச்சு பிந்திய, நடத்தையில் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுக்கும் வேலைதான் வேண்டும் என்கிறாள். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் மூன்று வருட உளவியல் பட்டத்துக்கு 24 லட்சம் கேட்கிறது. முதல் தவணையை இந்த மாதமே கட்டச் சொல்கிறார்கள். கணவருக்குச் சீனன்குடாவில் தொழிற்சாலை வேலை, கையில் வருவது 130,000. எஃப்.டி.யில் 9 லட்சம், 8 பவுண் நகை, அவருடைய ஈ.பி.எஃப். இவ்வளவுதான் இருக்கிறது. மகன் அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: இந்த மாதம் கட்ட வேண்டாம். பல்கலைக்கழக அனுமதி முடிவு வருவதற்கு முன் திரும்பக் கிடைக்காத தவணை எதையும் கட்டாதீர்கள்.

மகள் சொல்லும் வேலை ஒரே வேலை அல்ல. பேச்சு பிந்திய பிள்ளையைப் பார்ப்பவர் பேச்சு சிகிச்சையாளர். உடுத்தல், உண்ணல், எழுதுதல், புலன் உணர்வு ஆகியவற்றில் தடுமாறும் பிள்ளையைப் பார்ப்பவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். பயம், துக்கம், நடத்தைச் சிக்கல் என்றால் மருத்துவ உளவியலாளர். இந்த மூவரும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்துகொள்ளும் தொழில்களைச் சேர்ந்தவர்கள். அரச வைத்தியசாலை வேலைக்கு அந்தப் பதிவு வேண்டும். மூன்று வருட உளவியல் பட்டம் மட்டும் அந்தப் பதிவைத் தராது. அதற்கு மேல் மருத்துவ உளவியலில் முதுநிலைப் பயிற்சி வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருட எம்.பில். என்ற முதுநிலைப் பட்டம் அப்படிப்பட்டது. அதற்கு எடுப்பதோ மிகச் சிலரை. ஆகவே 24 லட்சம் என்பது பாதி வழிக்கான கட்டணம். பணம் போதாமல் போவது பெரும்பாலும் நான்காம் வருடத்தில்தான், ஏனென்றால் வீட்டில் மூன்று வருடத்துக்கு மட்டுமே கணக்குப் போட்டிருப்பார்கள்.

முழுக் கணக்கையும் பாருங்கள். கட்டணம் 24 லட்சம். கொழும்பில் போடிங், சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து மாதம் 45,000 என்று வைத்தால் 36 மாதத்துக்கு 16.2 லட்சம். மொத்தம் 40.2 லட்சம். எஃப்.டி.யைக் கழித்தால் 31.2 லட்சம் மிச்சம், அதாவது மாதம் ஏறத்தாழ 86,700. 130,000 சம்பளத்தில் அதை எடுத்துவிட்டு, மகனின் டியூஷனையும் பார்த்து, வீட்டையும் நடத்த முடியாது.

நகை அடகு குறுகிய காலத் தேவைக்கானது. வழக்கமாக ஒரு வருடத் தவணைதான், பிறகு வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். வட்டி 14 வீதம் என்று வைத்தால்கூட 5 லட்சத்துக்கு வருடம் 70,000 போகும், முதல் அப்படியே நிற்கும். படிப்பு முடிந்து வேலை கிடைக்க ஐந்து வருடம் என்றால், மூன்றரை லட்சம் வட்டி கட்டிய பிறகும் நகை வங்கியில்தான் இருக்கும். தவிர்க்கவே முடியாத நிலை வந்தால் இரண்டு பவுணை விற்பது அதைவிட மேல். மனதுக்குக் கஷ்டமான விஷயம்தான், ஆனால் கடன் அன்றோடு முடிந்துவிடும். ஈ.பி.எஃப்.பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்கூட்டி 30 வீதம் எடுக்கும் வசதி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் உரியது, படிப்புக்கு அல்ல.

இனி அரசாங்க வழி. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், ராகமையில், பேச்சு மற்றும் செவிப்புலன் விஞ்ஞானப் பட்டமும் தொழில்வழிச் சிகிச்சைப் பட்டமும் உள்ளன. கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் இந்தப் பாடநெறிகளின் பாடத் தகுதியை மகளின் மூன்று பாடங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விருப்ப வரிசையில் எழுதாத பாடநெறி கிடைக்காது. தெரிந்த பெயர்களை மட்டும் எழுதிவிட்டு இவற்றை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு, அதனால் இவற்றை மேலே எழுதச் சொல்லுங்கள். விஞ்ஞானப் பிரிவின் பல பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

இடம் கிடைத்தால் கணக்கே மாறிவிடும். மாதச் செலவு 30,000, நான்கு வருடம் என்றால் 14.4 லட்சம். உங்கள் 9 லட்சத்தை 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 18,750. 2025 வரவு செலவுத் திட்டம் மகாபொல புலமைப்பரிசிலை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்த்தியது. அது கிடைத்தால் சம்பளத்திலிருந்து நான்காயிரம் அளவில் போட்டால் போதும், கிடைக்காவிட்டால் பதினோராயிரம். நகையைத் தொட வேண்டியதில்லை.

கிடைக்காவிட்டால்? உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். பி, பி, சி எடுத்த பிள்ளைக்கு இன்னொரு முயற்சி, 31 லட்சக் கடனோடு ஒப்பிட்டால் மலிவானது. மற்ற வழி திறந்த பல்கலைக்கழகத்தின் உளவியல் பட்டம். வேலை செய்துகொண்டே படிக்கலாம். செய்முறை வகுப்பும் பரீட்சையும் எந்த நிலையத்தில் நடக்கும் என்பதைப் பதிவுக்கு முன்பே கேளுங்கள், பஸ் செலவும் தங்கும் செலவும் கட்டணத்தின் பகுதிதான். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப் பணிப் பட்டமும் உளவளத்துணைப் படிப்பும் நடத்துகிறது. சிறுவர் பாதுகாப்பு, பிரதேச செயலக உளவளத்துணை போன்ற வேலைகளை நினைப்பவர்களுக்கு அது பொருந்தும். வார இறுதியில் ஆறு மாதம் நடக்கும் சிறுவர் உளவியல் டிப்ளோமாக்கள் முன்பள்ளி ஆசிரியைக்கு உதவும், ஆனால் அவற்றை வைத்துச் சிகிச்சையாளர் ஆக முடியாது.

தனியார் வழிதான் என்று முடிவானால் பட்டத்தைத் தருவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா, அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா, கட்டணத்தில் எவ்வளவை பிரிட்டிஷ் பவுண்ட்ஸில் கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். ரூபாய் சரிந்தால் அந்தப் பகுதி ஏறும், 2022இல் பல பெற்றோருக்கு அதுதான் நடந்தது. மேற்பார்வையோடு பிள்ளைகளைப் பார்க்கும் பயிற்சி எத்தனை மணித்தியாலம், அது தமிழில் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். தமிழ்ப் பிள்ளையின் பேச்சைத் தமிழில்தான் மதிப்பிட முடியும். உங்கள் மகளின் பெறுமதியும் அங்கேதான். அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் பட்டியலிட்ட பட்டங்களுக்கு மட்டும்தான், அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், நிறுவனத்தின் வாய்ச்சொல் போதாது.

எஃப்.டி.யை ஒரே சீட்டாக வைக்காமல் ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என மூன்றாகப் பிரியுங்கள். தேவைப்படும்போது இடையில் உடைத்து வட்டியை இழக்க வேண்டி வராது. வட்டியில் 10 வீத வரி கழிப்பார்கள். வைப்பு உங்கள் பெயரில் இருந்து, உங்கள் வருட வருமானம் 18 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதை நிறுத்தலாம்.